முதல் வரவு

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி. நாலு பையன்கள், நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். வீடியோ கேம் தயாரிக்கிறார்களாம்! பி.காம். படித்த பாவத்துக்கு நான்தான் கணக்கு. பற்றுப் பக்கம் டீ, கரண்ட், வாடகை. வரவுப் பக்கம்... பக்கம் மட்டும் இருக்கிறது.

"எந்நேரமும் விளையாட்டுதான். நீங்களாவது புத்தி சொல்லுங்க சார்" என்றார் முதலாளிப் பையனின் அம்மா.

சொல்லப் போனேன். அவன் 'வெண்பா'வைப் போட்டுக் காட்டினான். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 2024-ல் பாஃப்டா விருதே வாங்கியது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். கிழிந்த சமையல் குறிப்பை வைத்து நாம் சமைக்க வேண்டும். எனக்கு இட்லியே வரவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "குழிக்கு நேரா குழி வெச்சா எப்படி சார்? தட்டைத் திருப்புங்க!"

வெந்தது!

கதையில் மகன் வளர்ந்தான். அம்மா தமிழில் கேட்க, அவன் இங்கிலீஷில் பதில் சொன்னான். இந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாரீஸ்ல என் பேரனும் இப்படித்தான். 'போன்ழூர்'னுட்டு போனை வெச்சிடறான். டேய், அவன் விளையாடற மாதிரி ஒண்ணு செய்டா..."

சுருக்குப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் வந்தது.

"கடன்னு எழுதவா, முதல்னு எழுதவா?" என்றேன்.

"முதல்னே எழுதுங்க சார். கடன்னா திருப்பிக் கேக்கணுமே!"