மூலிகை உண்டதை மறைக்கலாகாது

வாயில் வளைவுகளிலும் மதிற்சுவர்களிலும் படர்ந்து நிற்கும் இரங்கூன் மல்லியை அறியாதார் சிலரே. அந்தி வேளையில் வெண்ணிறமாய் மலர்ந்து, இரவில் நறுமணத்தால் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் அப்பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகிப் பின்னர்ச் செந்நிறம் பெறும். அழகுக்காக வளர்க்கப்படும் இக்கொடி மருந்துச்செடியும் ஆகும்.

ஐந்து முகடுகளையுடைய அதன் கனியினுள் இருக்கும் விதையைச் சீன மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குடற்புழு நீக்கப் பயன்படுத்தி வருகின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டு நலத்துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளுள் இதுவும் ஒன்று. அந்நாட்டார் இதனை 'நியோக்-நியோகன்' என்பர். 'நியோக்' என்றால் தேங்காய். முற்றிய விதை தேங்காய்போலச் சுவைக்கும்.

அச்சுவையே நமக்குக் கவலை தருகிறது. விதையிலுள்ள குவிஸ்குவாலிக் அமிலம் புழுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. அதே பொருள் பாலூட்டிகளின் நரம்புச் செல்களை மிகையாகத் தூண்டிச் சிதைக்க வல்லது என்பதும் ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. அளவு மீறினால் விக்கல், குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் ஆகியன தோன்றும். சுவையாக இருக்கிறதென்று சிறு பிள்ளை எத்தனை விதைகளை மெல்லும் என்பதை யார் கணக்கிடுவார்?

ஆகவே, 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்னும் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. புழுவைக் கொல்லும் வலிமை உடைய பொருள் உண்பவரையும் தாக்கக்கூடும்.

எனினும், குறை நோயாளர் பக்கம் மட்டுமே உள்ளது என நாம் கருதவில்லை. வீட்டு வைத்தியத்தைக் கூறினால் கடிந்துகொள்வரோ என்னும் அச்சத்தாலேயே பலர் அதனை மறைக்கின்றனர். மருத்துவர் இகழ்ச்சியின்றி வினவுதல் வேண்டும். குடும்பத்தார் ஒளிவின்றி விடையளித்தல் வேண்டும். என்ன கொடுக்கப்பட்டது, எவ்வளவு, எப்போது என்னும் மூன்றும் தெரிந்தால், வாந்தியுடன் வரும் குழந்தைக்குக் காரணம் தேடி வீணாகும் நேரம் மிச்சமாகும்.

குடற்புழுவுக்கு எளிய வழி அருகிலேயே உள்ளது. தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இரங்கூன் மல்லி வீட்டு வாயிலில் மலரட்டும். அதன் விதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டா. முன்னரே கொடுத்திருப்பின், அதனை மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காது தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.