முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள்

உயர்நிலை மூன்றில் படித்தபோது என் தாத்தாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய கைகளைப் பற்றி நான்கு சரணங்கள். எனக்குத் தெரிந்த மூன்று கோர்டுகளை வைத்து மெட்டும் போட்டேன். ஒரு திறன் தேர்வில் அதைப் பாடியபோது முதல் சரணம் முடிவதற்குள் நடுவர் கையை உயர்த்தினார். “பாட்டு நல்லாத்தான் இருக்கு. வேற யாராவது பாடினா இன்னும் நல்லா இருக்கும்மா” என்றார். கெட்ட எண்ணத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் ஈராண்டுகளுக்கு என் கித்தார் உறையை விட்டு வெளியே வரவில்லை.

அதை வெளியே எடுக்க வைத்தது ஒரு காணொளி. பெரியம்மா மகன் அனுப்பியிருந்தார். புத்தகங்கள் அடைந்து கிடக்கும் ஓர் அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் 71 வயது முதியவர் ஒருவர் கித்தாருடன் பாடுகிறார். குரலில் கரகரப்பு. உச்சத்துக்குப் போக வேண்டிய இடங்களில் அவர் போகவே இல்லை. பேசுவதுபோல் சொல்லி நகர்ந்துவிடுகிறார். பாடி முடித்ததும் அறையில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள், அவர் சிரிக்கிறார். இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி இவ்வளவு நிம்மதியாகப் பாட முடியும் என்று அன்றிரவு நாலைந்து முறை அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அவர் பெயர் ஜான் பிரைன். சிகாகோ அருகே மேவுட் என்ற ஊரைச் சேர்ந்தவர், தபால்காரராக இருந்தவர். கடிதம் கொடுத்துக்கொண்டே நடக்கும்போது மனத்துக்குள் பாட்டுக் கட்டியவர். 1970ல் புகழ்பெற்ற திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு படத்துக்குப் போயிருக்கிறார். பாப்கார்னில் உப்பு அதிகம். தாகத்துக்கு பீர் குடிக்கலாம் என்று பாதியில் எழுந்து ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே இந்தத் தபால்காரர் பாடிக்கொண்டிருந்தார். படத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினார் ஈபர்ட். வியட்னாம் போரிலிருந்து போதைப் பழக்கத்துடன் திரும்பிய சிப்பாய், யாரும் பேச வராத முதியவர்கள் ஆகியோரைப் பற்றியெல்லாம் பிரைன் எழுதியபோது அவருக்கு வயது இருபதுகளில்தான். 1998ல் கழுத்தில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் குரல் இறங்கிக் கரகரத்துவிட்டது. நான் கேட்டது அந்தக் குரலைத்தான். 2020ல் கொவிட்-19 அவரைக் கொண்டுபோனது.

இப்படித் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிற, அமெரிக்காவின் நாட்டுப்புற வேர்களிலிருந்து வந்த இசைக்கு ‘அமெரிக்கானா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1999ல் அதற்கென ஒரு சங்கம் உருவானது. 2010ல் கிராமி விருதில் தனிப் பிரிவு வந்தது. பெயர் இசை வணிகத்துக்கு வசதி, அவ்வளவுதான். அதில் நாம் மெனக்கெட வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது வேறு. இந்தப் பாடகர்களை ஒலிப்பட்டியலில் தொடங்காதீர்கள். நேரடியாகப் பாடும்போது எடுத்த படத்தில் தொடங்குங்கள். “இசையைக் காதால்தானே கேட்க வேண்டும்?” என்று என் தோழி சண்டை பிடிக்கிறாள். பழகிய பிறகு அது சரி. முதல் சந்திப்புக்குச் சரியல்ல. எம்ஆர்டியில் காதொலிக்கருவியில் ஓடும் பத்துப் பாட்டில் இதுவும் ஒன்றென்றால், மெதுவாக ஓடும் இந்தப் பாட்டைத்தான் நம் விரல் முதலில் தள்ளிவிடும்.

எலிசபெத் காட்டன் என்ற பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவில் அவர் கித்தார் இனிமையாக இருக்கும், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. 1960களின் நடுவில் பீட் சீகர் நடத்திய ‘ரெயின்போ குவெஸ்ட்’ என்ற கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் வாசிப்பதைப் பாருங்கள். கித்தார் தலைகீழாக இருக்கும்! அவர் இடதுகைக்காரர். சிறுமியாக இருந்தபோது, வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய கித்தாரை இடதுகைக்கேற்பத் தந்தி மாற்றிக் கட்டச் சொல்லித்தர ஆளில்லை. அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். எனவே மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் கனத்த தந்திகளை இவர் விரல்களால் வாசிக்கிறார், மெட்டைக் கட்டைவிரலால் மீட்டுகிறார். இன்று அந்தப் பாணிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அவர் கதையில் என்னை உலுக்கியது வேறொரு பகுதி. ‘ஃபிரெய்ட் டிரெயின்’ என்ற புகழ்பெற்ற பாட்டைச் சிறு வயதிலேயே கட்டியவர் அவர். தேவாலயத்தில் இதெல்லாம் உலகியல் பாட்டு என்றார்கள், திருமணம் ஆனது, குழந்தை பிறந்தது, கித்தாரைப் பல பத்தாண்டுகள் தொடவே இல்லை. பிறகு ஒரு கடைத்தொகுதியில் வேலை பார்த்தபோது, வழிதவறிய ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அது சீகர் குடும்பம். அவர்கள் வீட்டிலேயே பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கித்தாரை ஒருநாள் எடுத்து வாசிக்க, வீடே திகைத்தது. முதல் இசைத்தட்டு 1958ல் வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தொண்ணூறு வயதுக்குமேல் கிராமி வாங்கினார். என் ஈராண்டு வனவாசத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

கேட்பவரையும் படம் காட்டும். 1975ன் இறுதியில் ஜேம்ஸ் சலாப்ஸ்கி எடுக்கத் தொடங்கிய ‘ஹார்ட்வோர்ன் ஹைவேஸ்’ ஆவணப்படத்தில் டவுன்ஸ் வான் சாண்ட் ஒரு சமையலறையில் அமர்ந்து பாடுகிறார். அருகில் ஒரு முதிய கறுப்பினக் கொல்லர். பாட்டு போகப் போக அவர் கண்களில் நீர் வழிகிறது. டவுன்ஸ் நிறுத்தவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை, பாடி முடிக்கிறார். அந்தப் பாட்டைத் தனியே கேட்டால் சோகப் பாட்டு. அந்த முகத்தோடு பார்த்தால், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது.

“எல்லாம் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் பாட்டு, நமக்கென்ன?” என்றும் தோழி கேட்டாள். காட்டனைக் காட்டினேன். ரியானன் கிடன்ஸைக் காட்டினேன். பாஞ்சோ என்ற கருவி அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது, முதலில் அதைச் சுரைக்குடுக்கையில் செய்தார்கள் (நம் வீணையில் உள்ள குடுக்கை நினைவுக்கு வரும்). கிடன்ஸ் அந்த வரலாற்றை மேடையிலேயே பேசுவார், பிறகு வாசிப்பார். 2013ல் நியூயார்க் டவுன் ஹாலில் அவர் பாடிய ‘வாட்டர்பாய்’ படமாகியிருக்கிறது. தோழி அதற்குப் பிறகு தொப்பியைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் எல்லாக் காணொளியும் உதவாது. இரண்டு நொடிக்கொருமுறை காட்சி மாறும் விருது விழாக்களில் விரலையும் காணோம், முகத்தையும் காணோம். கேமரா நகராமல் நிற்க வேண்டும். நான் பிரைனைக் கண்ட ‘டைனி டெஸ்க்’ தொடர் 2008ல் தொடங்கியதே ஒரு மதுக்கூட இரைச்சலால்தான். லாரா கிப்சன் பாடியது கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை, ‘எங்கள் அலுவலக மேசைக்கே வந்து பாடுங்கள்’ என்று அமெரிக்கப் பொது வானொலிக்காரர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள், அவர் வந்துவிட்டார். விருது விழாக்களில் விதிவிலக்கு, 2024 கிராமியில் டிரேசி சாப்மன். முதலில் கித்தாரில் விரல்கள், பிறகுதான் அந்தச் சிரித்த முகம். அதோடு அவர் 24 வயதில், 1988ல் மண்டேலாவின் 70வது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்பிளி அரங்கில் பாடியதையும் தேடிப் பாருங்கள். ஸ்டீவி வொண்டரின் கருவிக்கான வன்தட்டைக் காணோம், இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும், ஏற்கெனவே பாடி முடித்திருந்த அவரைத் திரும்ப அனுப்பினார்கள். ஒரு கித்தார், ஒரு ஆள், எதிரே பல்லாயிரம் பேர்.

நம் பள்ளிகளில் பாடல் எழுதும் பயிலரங்கு நடக்கிறது. எதுகை மோனைக்கு வில்லைகள் காட்டுகிறார்கள், நன்றி. அந்த இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிடம் இதில் ஒன்றைத் திரையில் ஓடவிட ஆசிரியர்களிடம் கேளுங்கள். தென்மாநில உச்சரிப்பு முதலில் புரியாது. வாயசைவைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இரண்டாம் முறை பாதி பிடிபடும், பிறகு வரிகளைப் படித்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் தாத்தா முன் அமர்ந்து அந்தப் பழைய பாட்டைப் பாடினேன். தம்பி கைப்பேசியில் படம் பிடித்தான். நான்கு சரணமும் முடியும்வரை தாத்தா அசையவில்லை. பிறகு சொன்னார்: “அரிசி மூட்டைன்னு எழுதிட்டியேம்மா, நாங்க அதிகமா தூக்குனது ரப்பர்.”

இரண்டாம் சரணத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.