பச்சை விளக்கை நம்பலாமா?

போன மாதம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் தாயார் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே டிரிபிள் ஏ அளவில் நான்கு பேட்டரிகள், கூடவே ஒரு சார்ஜர்.

"சார், நீங்கதானே எழுதினீங்க, சார்ஜ் பண்ற பேட்டரி வாங்குனா காசு மிச்சம்னு? வாங்கி எட்டு மாசம் ஆகல. ஒரு மணி நேரம்கூட லைட்டு நிக்க மாட்டேங்குது. அவரு மரத்தப் பாத்து வெட்டுவாரா, பாம்பப் பாத்து நடப்பாரா?"

அவருடைய கணவர் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிறவர். அந்த விளக்குக்கு மூன்று பேட்டரிகள். கடையில் வாங்கும் சாதாரண அல்கலைன் பேட்டரி என்றால் வாரத்துக்கு ஒரு செட், ஆறு வெள்ளி ஆகிறதாம். இதே பகுதியில் முன்பு நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அந்த அம்மா மாறியிருக்கிறார். நான் எழுதியதும் உண்மை. ஆனால் பேட்டரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேனே தவிர, அதற்குத் தீனி போடும் சார்ஜரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தவறு என்னுடையது. அந்தக் கடனை இந்த மாதம் தீர்த்துவிடுகிறேன்.

சார்ஜரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான்கு பேட்டரி வைக்க நான்கு குழிகள். விளக்குகளோ இரண்டே இரண்டு. அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

"அக்கா, லைட்டுக்கு மூணு பேட்டரிதானே? மூணையும் இதுல எப்படிப் போடுவீங்க?"

"மூணு மட்டும் போட்டா விளக்கு எரியாது சார். நாலாவது ஒண்ணு டிராயர்ல இருக்கும். அதையும் சேத்துப் போடுவேன். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையில பச்சை எரியும்."

கோளாறு இங்கேதான் இருக்கிறது. இவ்வகைச் சார்ஜர்கள் பேட்டரிகளை இரண்டிரண்டாகக் கோத்து மின்சாரம் ஏற்றுகின்றன. ஒரு காலிக் குடமும் ஒரு நிறைகுடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, இரண்டுக்கும் ஒரே குழாயைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? நிறைந்ததைப் பார்த்து மூடினால் காலிக் குடம் நிறையாது. காலிக் குடத்துக்காகக் காத்திருந்தால் நிறைகுடம் வழிந்துகொண்டே இருக்கும். பேட்டரியில் தண்ணீர் வழியாது, சூடாக வழியும். டிராயரில் சும்மா கிடந்த அந்த நாலாவது பேட்டரி, வயிறு நிறைந்திருக்கும்போதே வாரா வாரம் விடிய விடியப் பந்தியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. திரும்ப எடுத்து மாட்டும்போது எது டிராயரில் இருந்தது, எது விளக்கில் இருந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? நான்குமே மாறி மாறி அந்தத் தண்டனையை அனுபவித்திருக்கின்றன.

பச்சை விளக்கு எரிந்ததே என்று கேட்பீர்கள். மலிவான சார்ஜர் பலவற்றில் அந்த விளக்குக்குப் பேட்டரியின் நிலைமையே தெரியாது. இத்தனை மணி நேரம் ஆயிற்று, இனிப் பச்சை எரி என்று உள்ளே ஒரு கடிகாரம் சொல்லும், அவ்வளவுதான். சிலவற்றில் அந்தக் கடிகாரமும் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். இரவு போட்ட பேட்டரியைக் காலையில் எடுக்கப் போனேன். விரல் வைக்க முடியவில்லை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை சுருங்கி வளைந்திருந்தது. அது இருந்த இடம் பிள்ளைகளின் பாட நூல் அலமாரி. நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பழைய சார்ஜர்களை அப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஏற்றி ஏற்றிப் பயன்படுத்தும் நிக்கல் காட்மியம் பேட்டரியை 1899இல் சுவீடன் நாட்டு யுங்னர் என்பவர் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் வீட்டுக்கு வந்த டபிள் ஏ அளவு நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கொஞ்சம்தான் மின்சாரம் பிடிக்கும், 600 அல்லது 700 மில்லி ஆம்பியர் மணி. மெதுவாக, பதினான்கு பதினாறு மணி நேரம் ஏற்றினால் போதும். கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். இன்றைக்கு நாம் வாங்குவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அதே உருவத்தில் 2000 மில்லி ஆம்பியர் மணி வரையிலும் அதற்கு மேலும் பிடிக்கும். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றுவதையும் சூட்டையும் அவ்வளவாகத் தாங்காது. மாமியார் காலத்து அடுப்பில் மருமகள் காலத்துக் குக்கரை வைத்த கதைதான்.

ஸ்மார்ட் சார்ஜர் என்பது என்ன? ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனித்து, வயிறு நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர். எப்படி நிறைந்தது என்று கண்டுபிடிக்கிறது என்பது ரசமான விஷயம். மின்சாரம் ஏற ஏறப் பேட்டரியின் வோல்டேஜ் மெல்ல உயர்ந்துகொண்டே போகும். நிறைந்த கட்டத்தில் உச்சிக்குப் போய், பிறகு ஒரு சொட்டு இறங்கும். ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து பத்துப் பங்குதான் அந்த இறக்கம். சார்ஜருக்குள் இருக்கும் சில்லு அதைப் பிடித்துவிடுகிறது. அது தவறினால் சூட்டைப் பார்த்து நிறுத்தும். அதுவும் தவறினால் நேரக் கணக்கு நிறுத்தும். ஒன்றுக்கு மூன்று காவல்.

சில்லு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்தார்கள். இன்டெல் முதலிய கம்பெனிகள் அந்த வருஷமே பினாங்குக்கு வந்தன. அன்று முதல் எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போய், கண் வலிக்க வலிக்கப் பொருத்தியதும் பரிசோதித்ததும் இந்தச் சில்லு வகைகளைத்தான். நம் வீட்டுக்குத்தான் அது தாமதமாக வந்து சேர்ந்தது.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? ஜார்ஜ்டவுனில் கொம்தார் பக்கம் ஒரு மின்சாரப் பொருள் கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி: "தவுக்கே, சத்து சத்து போலே சாஜ்?" ஒவ்வொன்றாகவும் ஏற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி, முக்கியமான கேள்வி. பெட்டியைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம். நான்கு குழிக்கு நான்கு விளக்கோ, திரையில் நான்கு கோடுகளோ இருந்தால் பெரும்பாலும் தனித்தனிதான். நான்கு குழிக்கு இரண்டு விளக்கு என்றாலும், இரண்டு அல்லது நான்கு பேட்டரி மட்டுமே போடவும் என்று எழுதியிருந்தாலும் அது ஜோடிச் சார்ஜர். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். டபிள் ஏ பேட்டரிக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரை, டிரிபிள் ஏ அளவுக்கு அதில் பாதி என்றால் நல்லது. 2000 பிடிக்கும் பேட்டரியை 500இல் ஏற்றினால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பதினைந்து நிமிஷத்தில் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லும் சார்ஜர் நமக்கு வேண்டாம். சூடு அதிகம், பேட்டரியின் ஆயுள் குறைவு. மிக மெதுவாக ஏற்றினாலும் சங்கடம் உண்டு. அந்த ஒரு சொட்டு இறக்கம் இன்னும் சிறியதாகிச் சார்ஜரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

சுவரில் செருகும் அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். கைப்பேசிக்குப் பயன்படும் யு.எஸ்.பி. கம்பியில் வேலை செய்யும் சார்ஜரும் வருகிறது. அதற்கு வீட்டிலுள்ள நல்ல அடாப்டரே போதும். பேட்டரி எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து காட்டும் திரை இருந்தால் வசதிதான், ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பேட்டரி வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். டபிள் ஏ அளவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 2800ஐத் தாண்டுவது நடவாத காரியம். டிரிபிள் ஏ என்றால் 1100. இரவுச் சந்தையில் 4000, 5000 என்று தங்க எழுத்தில் அச்சடித்து விற்கிறார்களே, அது பேட்டரியின் சக்தி அல்ல, அச்சடித்தவனின் துணிச்சல். 1900, 2000 என்று அடக்கமாகச் சொல்லும் பேட்டரிதான் நீடித்து உழைக்கிறது. அதிலும் சும்மா வைத்திருந்தால் கசிந்து போகாத வகை ஒன்று உண்டு. 2005இல் சான்யோ கம்பெனி 'எனலூப்' என்ற பெயரில் அதை முதலில் கொண்டுவந்தது. இப்போது அது பானசோனிக் கையில் இருக்கிறது. வேறு கம்பெனிகளும் செய்கின்றன. 'ஏற்றிய நிலையில் வருகிறது' என்று உறையில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இவ்வகைதான். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் தகரக் கூரைக்கும் இதுவே உகந்தது, ஏனென்றால் வெப்பம் கூடக் கூடப் பேட்டரி சும்மா இருந்தே காலியாகும்.

நான் வாங்கியபோது சார்ஜரும் நான்கு பேட்டரியும் சேர்ந்து நூறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. வாரத்துக்கு ஆறு வெள்ளி செலவழிக்கும் வீட்டில் நான்கு மாதத்தில் அது திரும்பி வந்துவிடும். மின்சாரச் செலவு? நான்கு பேட்டரியை ஒரு முறை ஏற்ற ஒரு காசுகூட ஆகாது. அதே சமயம், வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரமும் டி.வி. ரிமோட்டும் மட்டும் இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஓடிப்போய் நூறு வெள்ளியைக் கொட்டாதீர்கள். கடிகாரத்துக்கு வருஷம் ஒரு சாதாரணப் பேட்டரி போதும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன். சாதாரண அல்கலைன் பேட்டரியையோ கார்பன் பேட்டரியையோ தவறியும் சார்ஜரில் போடக்கூடாது, கசியும், சில சமயம் வெடிக்கும். உருவம் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடுவார்கள். ஸ்மார்ட் சார்ஜர் பெரும்பாலும் கண்டுபிடித்து மறுத்துவிடும் என்றாலும் அதன் புத்தியை நம்பி நம் புத்தியை அடகு வைக்கலாகாது. அதே அளவில் லித்தியம் பேட்டரிகளும் இப்போது வருகின்றன. அவற்றுக்கு அவற்றின் சொந்தச் சார்ஜர்தான்.

சார்ஜரை மெத்தைமேலும் சாமி மேடை விளக்கருகிலும் ஐஸ்பெட்டியின் தலைமேலும் வைக்காதீர்கள். காற்றோட்டமான மேசையில், வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுங்கள். மாலை ஐந்து மணிக்குப் போட்டால் படுக்குமுன் எடுத்துவிடலாம். முடியும் தறுவாயில் பேட்டரி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே சுவிட்சை அடையுங்கள்.

விளக்கு மங்கத் தொடங்கியதும் அணைத்துவிட்டுப் பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முழுதாகச் சாகும் வரை எரிய விட்டால், மூன்றில் பலவீனமான ஒன்று முதலில் தீர்ந்துபோகும். மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக்கிவிடும். கூட்டத்தில் மெலிந்தவன் மேல் எல்லாரும் ஏறி மிதிப்பது போலத்தான். ஆகவே ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே வேலை செய்யட்டும், ஒன்றாகவே சார்ஜருக்குப் போகட்டும். மேலே மார்க்கர் பேனாவால் எண் எழுதி வைத்தால் குழப்பம் வராது. இரண்டு செட் இருந்தால் ஒன்று நெற்றியில், ஒன்று பெட்டியில். பெட்டி என்றால் பிளாஸ்டிக் பெட்டி. சில்லறைக் காசோடு சட்டைப் பையில் போட்டால் சுட்டுவிடும்.

அந்த அம்மாவின் நான்கு பேட்டரிகளையும் வாங்கிக்கொண்டு போய் என் சார்ஜரில் அளந்து பார்த்தேன். உறையில் 800 என்று போட்டிருந்தது. இரண்டு 600க்கு மேல் நின்றன. ஒன்று 400. நாலாவதைச் சார்ஜர் ஏற்கவே மறுத்துவிட்டது. இப்படி மறுப்பதைச் சார்ஜரின் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பேட்டரி போய்விட்டது என்பதுதான் அதன் பொருள்.

போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடலாமா? போடாதீர்கள். நிக்கல், காட்மியம் உள்ள பேட்டரிக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் தனியாகக் கையாள வேண்டிய கழிவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பினாங்கில் 2016 ஜூன் முதல் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லியும் வருகிறார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் பிளாஸ்டிக் பையைப் போட்டு, பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டிச் சேர்த்து வைக்கிறோம். நிறைந்ததும் பட்டணத்துக்குப் போகிறவர் மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுவார். அந்த நாலாவது பேட்டரியும் டின்னுக்குள் போயிற்று.

600 நின்ற இரண்டும் இப்போது அவர்கள் வீட்டு ரிமோட்டில் இருக்கின்றன. 400 நின்றது, இனி எதற்கும் ஜோடி சேராது என்பதால், என் மேசையில் வகுப்புச் சோதனைகளுக்கு உதவுகிறது. அந்த அம்மா இரண்டு வாரம் கழித்துப் புதிய சார்ஜரும் மூன்று மூன்றாக இரண்டு செட் பேட்டரியும் வாங்கி வந்து காட்டினார். எண் எழுதியது பையன்தானாம். இரண்டை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறான்.