இதை யார் கூப்பிட்டது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனது ஓய்வெடுக்கத்தான். போன இடத்தில் ஒரு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

காப்பித் தோட்டத்து மேஸ்திரியின் மகன் அவர். தமிழக அரசு 2011 செப்டம்பரில் ஆரம்பித்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த மெஷினை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார். விண்டோஸோடு, சி-டாக் தயாரித்த ‘பாஸ்’ லினக்ஸும் அதில் இருந்ததாம். பாஸுக்குத் தாய்வீடு டெபியன். இப்போது நேராக டெபியனையே ஏற்றியிருக்கிறார். அக்கம்பக்கத்து மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார். அன்றைக்கு ஒரு பெண்ணின் சான்றிதழை ஸ்கேன் பண்ணினால், சேமிக்க இடமில்லை என்றது மெஷின். கடைசித் தேதிக்கு இரண்டே நாள்.

“பாட்டு, படம் எல்லாம் அழிச்சிட்டேன் சார். அப்பவும் ஃபுல்லுங்குது.”

நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலைப் போடச் சொன்னேன். 2,300-க்கு மேல் ஓடியது. வீடியோ எடிட்டர் மட்டும் நான்கு. நட்சத்திரம் பார்க்க ஒன்று, பழைய கெர்னல்கள் ஏழெட்டு.

“இதெல்லாம் எதுக்கு?”

“யாரோ வீடியோல போடச் சொன்னாங்க சார். எடுத்தா எது நின்னுடுமோன்னு பயம்.”

எனக்குக் கோபம் இந்தப் பயத்தின் மேல்தான். அவரை விடுங்கள், உங்கள் மெஷினுக்கு வருவோம். பட்டியலைத் திறந்து பாருங்கள். ஃப்ளாஷ் பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் அது இன்னும் குடியிருக்கலாம். கேட்டால், ‘டிஸ்க்தான் மலிவாச்சே, கிடந்துட்டுப் போகட்டுமே’ என்பீர்கள்.

கிடக்கட்டும் என்று விடுகிற விஷயமா இது? 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கிற புரோகிராமர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவப்போய், எக்ஸ்இசட் என்கிற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது அதற்குள் நுழைந்துவிட்டது. நிலையான பதிப்பு தப்பியது. அன்றைக்கு உலகம் முழுக்க நிர்வாகிகள் கேட்ட முதல் கேள்வி, ‘நம்ம மெஷின்ல இருக்கா?’ பட்டியல் குப்பையாக இருப்பவன் இதற்கு என்ன பதில் சொல்வான்?

இத்தனைக்கும் டெபியனில் கணக்கு ஒழுங்காகவே எழுதப்படுகிறது. நீங்கள் ஒன்றைக் கேட்டால் அது துணைக்குப் பத்தைக் கூட்டிக்கொண்டு வரும். ‘இது அவராகக் கேட்டது, இது துணைக்கு வந்தது’ என்று ஆப்ட் குறித்து வைத்துக்கொள்ளும். கேட்டதை நீக்கினால், வேறு யாருக்கும் தேவைப்படாத துணைகளை ‘ஆட்டோரிமூவ்’ வெளியே அனுப்பும். கணக்கைக் கெடுப்பது நாம்தான். எங்கிருந்தோ சுட்ட கட்டளையில் துணையின் பெயரையே நேராகக் கொடுத்து நிறுவினால், அது ‘அவராகக் கேட்டது’ ஆகிவிடும். அப்புறம் ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. நிரந்தர விருந்தாளி!

‘ஒரே க்ளிக்கில் சுத்தம்’ என்று விற்கிறார்களே, அந்தக் கோஷ்டியை இதைவிட மோசம் என்பேன். சுத்தம் செய்ய வந்ததே இன்னொரு குடித்தனமாகி, தினம் எழுந்து ‘உங்கள் கணினி ஆபத்தில்’ என்று மிரட்டும். டெபியனிலும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒய்’ தட்டக்கூடாது. டெஸ்க்டாப் முழுவதையும் கட்டியிழுக்கிற பெயரளவு பேக்கேஜ் ஒன்று இருக்கும். உள்ளே எதுவுமில்லையே என்று அதை நீக்கிப் பாருங்கள், அதன் கீழ் வந்ததெல்லாம் அநாதையாகத் தெரியும். அடுத்த ஆட்டோரிமூவில் திரையே போனாலும் போகும்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. “நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக்கை வெட்டினா, அதுல ஏத்திவிட்ட மிளகும் போச்சுங்க. வெட்டறவன் மொதல்ல அண்ணாந்து பாக்கணும். அதுக்குப் பயந்து உண்ணிச்செடியக்கூட விட்டு வெச்சா, அப்புறம் காப்பி எங்கீங்க நிக்கும்?”

அண்ணாந்து பார்த்துப் பார்த்தே எடுத்தோம். ஒவ்வொரு முறையும், எவையெல்லாம் போகப்போகின்றன என்று அது காட்டும் பட்டியலைச் சத்தமாகப் படிக்கவைத்தேன். தெரியாத பெயர் வந்தால் நிறுத்தி, அது யாருக்காக வந்தது என்று பார்த்தோம். ஒன்றரை மணி நேரத்தில் 7 ஜிபி காலி. ஓடுகிற கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அனுப்பிவிட்டோம். சான்றிதழ் அன்று மாலையே ஏறியது.

ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் மெஷின் வாங்கிக் கொடுக்கும் அரசுகளும் பள்ளிகளும் ஆபீஸ்களும் சார்ஜரையும் பையையும் எண்ணிக் கையெழுத்து வாங்குகின்றன. உள்ளே என்னென்ன மென்பொருள், எது எதற்காக என்று ஒரு தாள் சேர்த்துக் கொடுத்தால் என்ன? மேஸ்திரியின் மகன் அந்தத் தாளைத் தானே போட ஆரம்பித்துவிட்டார். அப்பாவின் ஆள்கணக்கு நோட்டில், பின்பக்கத்திலிருந்து. பேக்கேஜ் பெயர், தேதி, காரணம். ஒரு விளையாட்டுக்கு எதிரே மட்டும் ‘தங்கச்சி கேட்டா’ என்று எழுதியிருந்தது.