மின்சாரத்துக்கு ஒரு மிக்சர் பொட்டலம்

உலகத்திலேயே சுவாரஸ்யமில்லாத புத்தகம் எது என்று போட்டி வைத்தால், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைக்கு முதல் பரிசு நிச்சயம். ரயில்வே கால அட்டவணைக்குக்கூட இரண்டாவது இடம்தான். அதிலாவது வண்டி வருமா வராதா என்று ஒரு சஸ்பென்ஸ் இருக்கிறது. ஆண்டறிக்கையில் 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று க்ளைமாக்ஸை முதல் பக்கத்திலேயே உடைத்துவிடுவார்கள்.

ஆனாலும் எங்கள் தம்மம்பட்டிப் பக்கம் பால் சொசைட்டி பொதுக்குழு என்றால் கூட்டம் வரும். டீயும் மிக்சர் பொட்டலமும் ஒரு காரணம். இன்னொரு காரணம், கேள்வி நேரம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிற ஊர் என்பதால் எங்கள் ஆட்களுக்குக் குரல் கொஞ்சம் ஜாஸ்தி. "தீவனம் மூட்டைக்கு என்ன விலை போட்டிருக்கீங்க? இன்னொரு வாட்டி படிங்க, கேப்போம்" என்று ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டுவார். செயலாளருக்கு ஃபேனுக்கு அடியிலேயே வியர்க்கும்.

என் மாமா ஒருத்தர் இந்த விஷயத்தில் புலி. பால் டிகிரி அரைப் புள்ளி குறைந்தால் அன்றைக்குக் காலையில் ஊரே விழித்துக்கொள்ளும். அதே மாமா, கிணற்று மோட்டார் கனெக்‌ஷன் விஷயமாக ஓர் ஆபீஸுக்குப் போனால் துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிடும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா, அங்க புலி மாதிரி பாயறீங்க. இங்க பூனையாட்டம் நிக்கிறீங்களே?"

"அட, அது நம்ம சொசைட்டி மாப்ள. இது கவர்மெண்டு."

இந்த 'நம்ம'வுக்கும் 'கவர்மெண்டு'க்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

பாலுக்குச் சங்கம் இருக்கிறது. கைத்தறிக்கு இருக்கிறது. ஜவ்வரிசிக்கே இருக்கிறது. சேலத்து சேகோசர்வ் 1981-லிருந்து நடக்கிறது. ஆனால் மின்சாரத்துக்கு? 'கரண்டுக்கு சொசைட்டியா? ஷாக் அடிக்காதா?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 900 மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சுமார் 4 கோடிப் பேர் வீட்டு விளக்கு அவர்கள் கம்பியில்தான் எரிகிறது. முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இப்படி ஒரு கூத்து!

கதை 1935-ல் ஆரம்பிக்கிறது. அப்போது அமெரிக்க நகரங்களில் பத்து வீட்டில் ஒன்பதில் பல்பு எரிந்தது. கிராமத்துப் பண்ணைகளில் பத்தில் ஒன்பது இருட்டு. மின்சாரக் கம்பெனிகளைக் கேட்டால், 'மைலுக்கு இரண்டு வீடு. இதற்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது' என்றார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மயத்துக்கு என்று ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தினார். அடுத்த வருஷம் அதற்குச் சட்டமும் வந்தது. குறைந்த வட்டியில் கடன் தருகிறோம், வாங்கிக்கொள்ள யார் தயார் என்று கேட்டபோது, கை தூக்கியவர்கள் விவசாயிகள். தலைக்கு ஐந்து டாலர் கட்டிச் சங்கம் சேர்த்தார்கள். தாங்களே குழி தோண்டி, தாங்களே கம்பம் நட்டு, தாங்களே முதலாளி ஆனார்கள்.

முதலாளி என்றால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்குக் கேட்க வேண்டாமா? அதற்குத்தான் அங்கே வருடாந்திரப் பொதுக்கூட்டம். சாப்பாடு உண்டு, குலுக்கலில் பரிசு உண்டு. ஆண்டறிக்கையும் உண்டு. இந்த வருஷம் எத்தனை மைல் கம்பி மாற்றினோம், புயலில் எத்தனை கம்பம் சாய்ந்தது, ஒரு வீட்டுக்குச் சராசரியாக எத்தனை நிமிஷம் கரண்ட் போனது - எல்லாம் அதில் இருக்கும். செலவு போக மிஞ்சிய பணத்தை உறுப்பினர் பேரில் வரவு வைத்து, பிற்பாடு திருப்பிக் கொடுப்பதும் உண்டு. கரண்ட் பில் கட்டினவனுக்கே செக் வருகிறது! படித்தபோது கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஊருக்குச் செய்தது வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, தீயணைப்புப் படைக்கு நன்கொடை இப்படி. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சில்லறை சமாச்சாரம். தெற்கு கரோலினாவில் பால்மெட்டோ என்று ஒரு சங்கம். 1989-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். உங்கள் பில் 52 டாலர் 73 சென்ட் என்றால், சம்மதமிருந்தால் 53 டாலராகக் கட்டலாம். மிச்சம் 27 சென்ட் ஊர் உதவி நிதிக்கு. ஒழுகுகிற கூரைக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, அப்படி. மாதம் 99 சென்ட்டுக்கு மேல் யாருக்கும் போகாது. வருஷம் முழுக்கக் கூட்டினால் அதிகபட்சம் 11 டாலர் 88 சென்ட். பல சங்கங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. நம் ஊரில் கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கிறார். அங்கே அதே சில்லறையில் ஒரு கூரை மாற்றுகிறார்கள்.

'ஆஹா, அமெரிக்கா!' என்று உடனே கிளம்பிவிட வேண்டாம். டெக்சாஸில் பெடர்னேல்ஸ் என்று ஒரு பெரிய சங்கம். பிற்பாடு ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் இளம் எம்.பி.யாக இருந்தபோது 1938-ல் முன்னின்று கொண்டுவந்தது. வருஷக்கணக்காக உறுப்பினர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். நிர்வாகத்தில் இருந்தவர்கள் விழித்திருந்தார்கள். 2007-ல் விஷயம் வெடித்து, உறுப்பினர்கள் கோர்ட்டுக்குப் போய், தேர்தல் முறையே மாறியது. முன்னாள் ஜெனரல் மானேஜரை 2010-ல் குற்றவாளி என்று கோர்ட் சொல்லிற்று. சங்கம் என்பது தானாக யோக்கியமாக இருக்கிற வஸ்து அல்ல. கேள்வி கேட்கிற ஆள் வருகிற வரைக்கும்தான் அது நாணயம்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1969-ல் கிராம மின்மயக் கழகம் என்று மத்திய சர்க்கார் ஒன்றைத் தொடங்கிற்று. அமெரிக்கக் கோதுமை வாங்கினோமே, அதற்கு நாம் ரூபாயில் கொடுத்த பணம்தான் அதற்கு ஆரம்ப மூலதனமாக வந்தது. கோதுமையோடு யோசனையும் வந்தது. அங்கேபோல இங்கேயும் சங்கம் வைத்துப் பார்க்கலாமே என்று ஐந்து இடங்களைப் பொறுக்கினார்கள். கர்நாடகத்தில் ஹுக்கேரி, ஆந்திராவில் சிரிசில்லா, மஹாராஷ்டிராவில் மூலா-பிரவரா, குஜராத்தில் கோடினார், உத்தரப் பிரதேசத்தில் லக்னோ பக்கம். பிற்பாடு இன்னும் சில இடங்களுக்குப் பரவிற்று. நம் எல்லையை ஒட்டியிருக்கிற குப்பத்தில்கூட ஒன்று அமைந்தது.

சிரிசில்லாவைப் பற்றி நாமக்கல், சேலத்துக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். நம் குமாரபாளையம், திருச்செங்கோடு மாதிரி அது ஒரு விசைத்தறி ஊர். இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. தறி ஓடினால்தான் உலை கொதிக்கும். கரண்ட் இருந்தால்தான் தறி ஓடும். 1970-லிருந்து அங்கே கரண்ட்டை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பது உறுப்பினர்களின் சங்கம். விவசாயியும் தறிக்காரரும் அதற்குச் சொந்தக்காரர்கள். 2022 டிசம்பரில் 15 டைரக்டர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. சட்டசபைத் தேர்தலைப்போலக் கட்சிகள் கச்சை கட்டிக்கொண்டு இறங்கின. ஆளுங்கட்சி ஜெயித்தது. அரசியல் புகுந்துவிட்டதே என்கிறீர்களா? புகுந்தது வாஸ்தவம். ஆனால் கரண்ட் கம்பத்துக்குப் பொறுப்பானவர் உங்கள் வாசலுக்கு வந்து கை கூப்பி ஓட்டுக் கேட்கிற காட்சியைக் கொஞ்சம் கண்ணை மூடிக் கற்பனை பண்ணிப் பாருங்கள். துண்டு இப்போது யார் கையில்?

மூலா-பிரவரா கதை வேறு. கூட்டுறவில் சர்க்கரை ஆலை நடத்திக் காட்டிய மண் அது. அங்கேயே மின்சாரச் சங்கம் தள்ளாடிற்று. வாங்குகிற விலை ஏறிக்கொண்டே போக, கிணற்று மோட்டாருக்கு விற்கிற விலையை ஏற்ற முடியவில்லை. பாக்கி ஏறிற்று. மின் வாரியத்துக்குச் சங்கம் தர வேண்டிய கடன் மலையாகக் குவிந்தது. 2011-ல் லைசென்ஸ் போய், மாநில மின் கம்பெனி எடுத்துக்கொண்டது. 'நம்ம சொசைட்டிதானே, மெள்ளக் கட்டிக்கலாம்' என்பது முதலாளி பேச்சல்ல. அதுவும் ஒரு பாடம்.

நம் தமிழ்நாட்டில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை? காரணம், வாரியம் முந்திக்கொண்டது. பைக்காரா 1932, மேட்டூர் 1937. 1957-ல் மின்சார வாரியம். மற்ற மாநிலங்கள் கிராமத்துக்குக் கம்பம் நடலாமா என்று கமிட்டி போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நம் கிணறுகளில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புண்ணியத்தை மறக்கக்கூடாது. மழையில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனை மறந்தால் சோறு செரிக்காது.

அந்தக் காலத்தில் நம் விவசாயி கேள்வியும் கேட்டான். யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றினார்கள் என்று நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளம்பி, 1972-ல் கோயம்புத்தூர் ரோடுகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வருஷங்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. 1984-ல் சிறு விவசாயிக்கு இலவசம் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிக்கும் வந்தது. அந்த இலவசம் பல குடும்பங்களைக் கடனில் மூழ்காமல் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் பெரும்பாலான பம்புசெட்டுகளில் மீட்டர் இல்லாமல் போயிற்று. மீட்டர் போனதோடு ஒரு விஷயமும் சேர்ந்து போயிற்று. எவ்வளவு ஓடிற்று என்று வாரியத்துக்கும் சரியாகத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. உத்தேசமாக ஒரு கணக்கு. அந்தப் பணத்தை சர்க்கார் நம் வரியிலிருந்து கட்டுகிறது. 2016-லிருந்து வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆக, பணம் நம்முடையதுதான். ஆனால் கையால் எண்ணிக் கொடுக்காத பணத்துக்குக் கணக்குக் கேட்க நமக்கு ஒரு கூச்சம்.

2012-ல் ஜில்லா ஜில்லாவாக மணிக்கணக்கில் கரண்ட் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? விசிறி மட்டையோடு திண்ணையில் உட்கார்ந்து எல்லாரும் திட்டினோம். திட்டினோம், அவ்வளவுதான். திட்டுவதற்கு உரிமை வேண்டியதில்லை. கணக்குக் கேட்கத்தான் உரிமை வேண்டும்.

ஒரேயடியாக இல்லை என்றும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. தலைவர் ஆர். சண்முகம் காலத்தில், 2006-ல், பாங்கில் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவினார்கள். ஊராட்சிக்கு வேண்டியதுபோக மீதி மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றார்கள். கரண்ட் பில் கட்டுகிற பஞ்சாயத்து, கரண்ட் பில் வாங்குகிற பஞ்சாயத்து ஆயிற்று! சங்கம் இல்லை, சர்க்கார் கம்பெனி இல்லை. ஒரு ஊர், அவ்வளவுதான்.

தம்மம்பட்டியில் நாளைக்கே மின்சாரச் சங்கம் வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தால் முதல் தலைவர் யார் என்பதிலேயே நான்கு மண்டை உடையும். நான் சொல்வது சின்ன விஷயம். கட்டணம் ஏற்றுவதற்கு முன்னால் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரில் கேட்டார்கள். சேலத்துக்காரன் பேச வேண்டுமானால் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போக வேண்டும். போனவர்கள் போனார்கள். தொழில் சங்கத்துக்காரர்கள் கட்டுக் காகிதத்தோடு போனார்கள். செப்டம்பரில் கட்டணம் ஏறிற்று.

அந்தக் கூட்டத்தை ஜில்லாவுக்கு ஒன்றாக வைத்தால் என்ன? உங்கள் ஃபீடரில் இந்த வருஷம் எத்தனை மணி நேரம் கரண்ட் போயிற்று, எத்தனை டிரான்ஸ்பார்மர் எரிந்தது, அதை மாற்ற எத்தனை நாளாயிற்று என்று ஒரே ஒரு பக்கம், தமிழில், புரிகிற மாதிரி அச்சடித்துக் கொடுத்தால் என்ன? மரச் சிற்பப் பட்டறைக்காரரும், பாக்குத் தோப்புக்காரரும், மாவு மில்லுக்காரரும் எழுந்து நின்று "இன்னொரு வாட்டி படிங்க" என்று கேட்கட்டுமே!

வருகிற கூட்டத்துக்கு மிக்சர் வாங்குகிற செலவை வேண்டுமானால் பில்லில் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த ஒரு கட்டண உயர்வுக்கு நான் ஆட்சேபம் சொல்லமாட்டேன்.