தெரிவாகாதவர் என்னும் பெயர்

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். உலகில் ஒரு சொல் ஆட்டக்காரரை ஆயுள் முழுதும் விடாது தொடர்கிறது: 'அன்டிராஃப்டட்', அதாவது தெரிவாகாதவர். பிறர் செய்யாத ஒரு செயலால் ஒருவருக்குப் பெயரிடும் விந்தை இது. கர்ட் வார்னரை 1994இல் எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. கிரீன் பே அணியின் முகாமும் அவரை அனுப்பிவிட, ஐயோவா மாநிலத்து மளிகைக் கடையொன்றில் சரக்கு அடுக்கினார். 1999ஆம் பருவத்தில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் வென்று தந்தார்; 2017இல் புகழரங்கிலும் இடம்பெற்றார். அங்கும் அந்த எதிர்மறை அடைமொழி அவருடனேயே நுழைந்தது.

இத்தகைய கதைகளைச் சொல்வோர் 'திறமை இருந்தால் இடம் கிடைக்கும்' என முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழு சுற்றுத் தெரிவில் 32 அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 260 பேரை எடுக்கின்றன. எஞ்சியோரில் சிலருக்குத் தெரிவு முடிந்த கையோடு தொலைபேசி அழைப்பு வரும். (ஒன்றுக்கு மேற்பட்ட அழைப்பு வந்தால் அணியை அவரே தேர்ந்துகொள்ளலாம்; ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு இந்த உரிமை இல்லை.) முகாமில் 90 பேர்; பருவம் தொடங்குமுன் 53 பேர்.

அந்த 53இல் இடம்பிடிக்கும் வழி பெரும்பாலும் 'ஸ்பெஷல் டீம்ஸ்' எனப்படும் உதை ஆட்டங்கள்தாம். நட்சத்திரங்கள் இறங்கத் தயங்கும் அந்த ஓட்டத்தில் உடலைப் பணயம் வைப்பவரையே பயிற்சியாளர் கவனிக்கிறார். முதல் சுற்று வீரர் தடுமாறினால் பொறுத்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் உறுதியளித்தாயிற்று, அவரை நீக்கினால் தெரிவு செய்தவர்களின் பிழை வெளிப்படும். தெரிவாகாதவரை நீக்குவதால் எவருக்கும் தலைகுனிவில்லை. ஆக, இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை. பிழை செய்ய எத்தனை முறை இடமுண்டு என்பதில் இருக்கிறது.

மால்கம் பட்லரை எண்ணிப் பாருங்கள். 2014இல் வெறும் சோதனைப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டு பேட்ரியாட்ஸ் அணிக்குள் வந்தவர். 2015 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் கடைசி நிமிடத்தில், கோல் கோட்டருகே சியாட்டில் அணியின் பந்தை இடைமறித்து வெற்றியைக் காத்தார். அதே ஆட்டமுறையிடம் அவர் பயிற்சியில் ஏமாந்திருந்தார். ஏமாந்த பிறகும் அணியில் இருக்க விட்டதால்தான் அன்று அதை அடையாளம் கண்டார்.