ஓர் இளநீர், இரு நோயாளர்

சென்ற ஆண்டு ஆடிச் செவ்வாய் ஒன்றில் எம் பெரியம்மா கோயில் வீதியிலே மயங்கி வீழ்ந்தார். விரத நாட்களில் செவ்விளநீரும் வாழைப்பழமுமே அவரது ஆகாரம். "விரதக் களைப்பு, இன்னுமோர் இளநீர் கொடுங்கள். அயல்வீட்டு அம்மாவும் அதைக் குடித்துத்தானே எழும்பினவ" என்றனர் உறவினர். அவர் கண் விழித்ததும் இளநீரை வெட்டிக் கொடுத்தவர் நாமே.

வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்தனர். இலீற்றர் ஒன்றுக்கு 3.5 முதல் 5 மில்லிமூல் வரை இருக்கவேண்டிய பொற்றாசியம், 6.8 ஆக உயர்ந்திருந்தது. இதயத் துடிப்புத் தளர்ந்தமையே மயக்கத்துக்குக் காரணமாம்.

பொற்றாசியம் பெரும்பாலும் உடற்கலங்களின் உள்ளேயே உறைகின்றது. குருதியில் உள்ளது சிறு பங்கே. அச்சிறு பங்கு மிகினும் குறையினும் இதயத்தை இயக்கும் மின்னோட்டம் குழம்பும். துடிப்புப் பிறழ்ந்து மூளைக்குக் குருதி குறைந்தால் மயக்கம் வரும்.

அயல்வீட்டு அம்மையார் உண்டது பியூரோசமைட். சிறுநீரைப் பெருக்கும் அம்மாத்திரை பொற்றாசியத்தையும் வெளியேற்றிவிடும். பெரியம்மா உண்டவை லோசார்ட்டனும் ஸ்பைரோனோலக்டோனும். பின்னதும் சிறுநீரைப் பெருக்குவதே. ஆயினும் இவ்விரண்டும் பொற்றாசியத்தை உடலில் தங்கச் செய்வன. முதுமையில் சிறுநீரகம் தளர்ந்திருப்பின் அது மேலும் தேங்கும். ஒருவருக்குக் கைகொடுத்த இளநீர் மற்றவருக்குத் தீங்காயிற்று.

இரண்டுமே இரத்த அமுக்கத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள்தாமே என நாம் எண்ணியிருந்தோம். படித்தவர் என்ற பெயர் எமக்கிருந்தும், மருந்தின் பெயரை ஒருநாளேனும் வாசித்தோமில்லை.

வீட்டிலுள்ளோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. அதிமதுரக் கசாயத்தை நாட்கணக்கிற் குடித்தாற் பொற்றாசியம் குறையும். நீர்மாத்திரை உண்பவர்க்கு அது இரட்டை இழப்பு. சோடியம் குறைந்ததென விற்கப்படும் மாற்று உப்புகள் பலவற்றிற் பொற்றாசியம் மிகுதி. பெரியம்மா போன்றோர்க்கு அவை ஆகா. வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால், மாத்திரையைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் உடனே கேட்கவேண்டும். ஆயினும் அச்சத்தால் மருந்தைத் தாமாக நிறுத்துதல் அதனினும் பெரும் பிழை. உண்ணும் மருந்து, கசாயம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுக. இரத்தச் சோதனை எப்போது வேண்டும் என்றும் கேட்டறிக. மயங்கியவர்க்கு உணர்வு திரும்புமுன் வாயில் எதையும் ஊற்றலாகாது.

பெரியம்மா இப்போது நலமாயிருக்கின்றார். மருந்துகளை வைத்தியர் மாற்றிக் கொடுத்துள்ளார். அவருடைய மருந்துப் பட்டியல் எம் சட்டைப்பையில் இருக்கின்றது. இளநீர் வண்டியைக் கண்டால் அவர் எம்மைப் பார்த்துச் சிரிப்பார்; நாம் தலைகுனிவோம்.